நான்கு வரிகளுக்குள்

படிவம் கொடுத்திருக்கிறார்கள்.
'விடுதி வாழ்க்கை பற்றி
முதலாண்டு மாணவியர் கருத்து,
நான்கு வரிகளுக்குள்.'
டெல்ஃபின் ஒரே வரியில் முடித்துவிட்டாள்:
'மீன் எங்கே?'
மிச்சம் மூன்றையும்
என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

என் கட்டில் ஜன்னலோரம்.
தலைமாட்டில் போனை வைத்தால்
கேரளம் உங்களை வரவேற்கிறது.
கால்மாட்டுக்கு நகர்த்தினால்
தமிழ்நாடு வரவேற்கிறது.
ஒரே ராத்திரியில் ஒன்பது தடவை
வரவேற்றிருக்கிறார்கள் என்னை.
வேறெங்கும் இத்தனை பேர் கூப்பிட்டதில்லை.

வாளையாற்றில் காற்றுக்குக் கதவு கிடையாது.
ஆடியில் வந்து சேர்ந்த மறுநாளே
மாடிக் கொடியில் கிடந்த ஒரு சுடிதார்த் துப்பட்டா
பையன்கள் விடுதி வேப்பமரத்தில் போய் ஏறிக்கொண்டது.
யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.
இன்னும் அங்கேதான் ஆடுகிறது,
ஏதோ கட்சிக்கொடி போல.

முதல் வாரம் எல்லாரும் அழுதார்கள்.
குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது
என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
காலை ஐந்தரைக்கு மேல் இங்கே தண்ணீர் நின்றுவிடும்
என்பதைச் சொல்லவில்லை.
வாளியோடு வரிசையில் நின்ற பதினாறு பேரும் கேட்டோம்
கொல்லங்கோட்டு நஃபீலா
மலையாளத்தில் அழுததை.
வெளியே வந்து தமிழில் சொன்னாள்,
'சோப்பு கண்ணுல பட்டிருச்சு.'

நான் அழவில்லை.
இதைப் படிவத்தில் எழுத முடியாது.

ஒட்டன்சத்திரத்தில் எங்களுக்கு ஒரே அறை, ஐந்து பேர்.
பீரோவுக்கும் அண்ணன் முதுகுக்கும் இடையில் என் பாய்.
அவன் புரண்டால் நானும் புரள வேண்டும்.
இங்கே ஆறடிக்கு மூன்றடி இரும்புக் கட்டில்,
ஒரு கால் கொஞ்சம் குட்டை,
பழைய இயற்பியல் கையேட்டை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.
சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் 214 பி.
பி நான்தான்.
முதல் நாள் இரவு இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன்.
எதிலும் இடிக்கவில்லை.
சந்தோஷத்தில் விடியும்வரை தூங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள்.
'சோறு எறங்குதா?'
'மட்டை அரிசிம்மா, தொண்டையில நிக்குது' என்பேன்
இரண்டாம் தடவை வாங்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு.
'தனியாப் படுக்க பயமா இருக்கும்ல?'
'ஆமாம்மா.'
அவள் குரல் அதற்குப் பிறகுதான்
கொஞ்சம் நிம்மதியாகும்.

போன புதன் ராத்திரி
ரயில் ஊர்ந்தது, நீளமாகக் கூவியது.
வாட்ச்மேன் தாமி ஓடிவந்து
எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார்.
என் ஜன்னலில்தான் தெரியும் என்று
இருவரும் என் கட்டிலில் ஏறிவிட்டார்கள்.

மெஸ்ஸுக்குப் பின்னால் பலாமரம்.
அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழம்.
இருட்டு அசைந்தது.
பிறகு இருட்டுக்குக் காது இருப்பது தெரிந்தது.
இரண்டு பெரியது,
நடுவில், கால்களுக்கிடையே நெருக்கியபடி,
புரள இடமில்லாமல் ஒரு குட்டி.
நஃபீலாவின் முழங்கை என் விலாவில்.
டெல்ஃபினின் பாதம் என் பாதத்தின்மேல், ஜில்லென்று.
மூச்சு யாருடையது என்றே தெரியவில்லை.

அவை போனபின்னும் இவர்கள் போகவில்லை.
அப்படியே தூங்கிவிட்டார்கள்.
சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தேன்,
பழகிய இடம்தான்.
கொஞ்ச நேரம் நன்றாகக்கூட இருந்தது.
மூன்று மணிக்கு இருவரையும் உலுக்கி எழுப்பி
அவரவர் கட்டிலுக்கு அனுப்பினேன்.

மரத்தை வெட்டப்போவதாக
வார்டன் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் இப்போது ஏழு வரி.
'தண்ணீர் ஏழு மணி வரை வரட்டும்.'
'பலாமரத்தை வெட்ட வேண்டாம்.'
பேனாவை மூடிவிட்டேன்.
மீதி ஐந்தும் அப்படியே கிடக்கட்டும்,
இடம் விட்டு.